ஷையான் விமான விபத்து, 1996: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்த விபத்து?

1996 ஏப்ரல் 11 அன்று காலை 8.24 மணியளவில், அமெரிக்காவின் வயோமிங் மாநிலத் தலைநகரான ஷையானின் விமான நிலையத்திலிருந்து மழைக்கு நடுவே மேலெழும்பிய ஒற்றை எஞ்சின் செஸ்னா 177பி விமானம் ஒன்று, சில நூறு அடி உயரத்தைத் தாண்டாமலே, ஓடுபாதைக்கு அப்பாலிருந்த குடியிருப்புத் தெரு ஒன்றில் மூக்குக் குத்தி விழுந்தது. விமானத்திலிருந்த மூவரும் இறந்தார்கள். ஒருவர் 52 வயதான விமானப் பயிற்றுநர். விமானம் அவருக்கே சொந்தமானது. இன்னொருவர் ஜெசிகா டுப்ராஃப் என்ற ஏழு வயதுச் சிறுமி. மூன்றாமவர் பின்னிருக்கையில் இருந்த அவளுடைய தந்தை. வீடுகள் நெருங்கிய பகுதியாக இருந்தும் தரையில் யாருக்கும் காயமில்லை.

சிறுமி ஏன் அந்த விமானத்தில் இருந்தாள்?

அமெரிக்காவை விமானத்தில் குறுக்கே கடந்த மிக இளைய விமானி என்ற பெயரை அவளுக்கு வாங்கித்தர வேண்டும் என்பதே பயணத்தின் நோக்கம். கலிஃபோர்னியாவின் பசிஃபிக் கரையிலுள்ள ஹாஃப் மூன் பே என்ற சிற்றூரிலிருந்து புறப்பட்டு, அட்லாண்டிக் கரையில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஃபால்மவுத் வரை சென்று, எட்டு நாட்களில் வீடு திரும்புவதாகத் திட்டம். யோசனை தந்தையுடையது. மகளுக்கு ஆறு வயது முடிந்ததிலிருந்தே பறக்கும் பயிற்சி கொடுத்து வந்த பயிற்றுநரை, அவருடைய விமானத்தோடும் நேரத்தோடும் சேர்த்துக் கட்டணம் பேசி அமர்த்திக்கொண்டார். பயணத்தின் பெயர் பொறித்த தொப்பிகள் தயாராயின. தொலைக்காட்சி நிறுவனம் ஒன்று, பயணத்தை உள்ளிருந்தே படம்பிடிக்க வீடியோ கேமராவும் ஒளிநாடாக்களும் கொடுத்திருந்தது.

அப்படியானால் விமானத்தை ஓட்டியது ஏழு வயதுக் குழந்தையா?

இந்த விபத்தைப் பற்றி எழும் கேள்விகளில் முதலில் வருவதும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். சட்டப்படி அவள் விமானியே அல்லள். அமெரிக்காவில் எஞ்சின் பொருத்திய விமானத்தைத் தனியாக ஓட்டிப் பழகும் மாணவருக்கே குறைந்தது 16 வயது ஆகியிருக்க வேண்டும். தனியார் விமானி உரிமத்துக்கு 17. அவளிடம் மாணவர் உரிமமும் இல்லை, மருத்துவச் சான்றும் இல்லை. இரட்டைக் கட்டுப்பாடு கொண்ட விமானத்தில், உரிமம் பெற்ற ஒருவர் பக்கத்து இருக்கையில் அமர்ந்து முழுப்பொறுப்பும் ஏற்றிருக்கும்போது, இன்னொருவர் சிறிது நேரம் கட்டுப்பாட்டைப் பிடித்துப் பார்ப்பதற்கு அன்றைய விதிகள் வயது வரம்பு எதையும் வைக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் "இளைய விமானி" என்ற சொல்லே பிழைத்துக் கிடந்தது. முன் கண்ணாடி வழியாகப் பார்க்க அவளுக்குக் குழந்தைகளுக்கான உயர்த்தும் இருக்கை தேவைப்பட்டது; மிதிகளைக் கால் எட்டுவதற்கு அலுமினிய நீட்டிப்புகள் பொருத்தப்பட்டிருந்தன.

அன்று காலை கட்டுப்பாட்டைப் பிடித்திருந்தது யார் என்ற கேள்வியை, அந்நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தனியாகவே ஆராய்ந்தது. பயிற்றுநரே ஓட்டினார் என்பதே அதன் முடிவு. எனவே "குழந்தை ஓட்டிய விமானம் விழுந்தது" என்று இன்றும் சொல்லப்படுவது உண்மையன்று. பல ஆண்டு அனுபவமும் 1,400 மணி நேரத்துக்கு மேல் பறந்த கணக்கும் உடைய வளர்ந்த மனிதர் ஒருவரின் கையில்தான் அது விழுந்தது.

முதல் நாள் என்ன நடந்தது?

ஏப்ரல் 10 காலை ஹாஃப் மூன் பேயில் கேமராக்களின் முன்னால் புறப்பட்டு, நெவாடாவின் எல்கோ, வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸ் ஆகிய இடங்களில் இறங்கி ஏறி, மாலையில் ஷையானை அடைந்தார்கள். ஏறக்குறைய எட்டு மணி நேரம் பறந்திருந்தார்கள். இறங்கிய இடங்களிலெல்லாம் செய்தியாளர்கள், பேட்டிகள், வரவேற்பு. சிறுமி சோர்ந்திருந்தாள், பயிற்றுநரும் களைத்துப்போயிருந்தார். மறுநாள் காலை முதற்கட்டம் நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரம் வரை.

வானிலை மோசம் என்பது அவர்களுக்குத் தெரியாதா?

தெரியும். புறப்படுவதற்கு முன் பயிற்றுநர் விமானிகளுக்கான வானிலைத் தகவல் நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். அப்பகுதியில் முகப்பு ஒன்று, அதாவது குளிர்ந்த காற்றும் வெப்பக் காற்றும் சந்திக்கும் எல்லை, கடந்துகொண்டிருப்பதையும், பனி உறைவு, காற்றுக் கொந்தளிப்பு ஆகியவற்றுக்கான எச்சரிக்கைகளையும் அங்கிருந்தவர் எடுத்துச் சொன்னார். கிழக்கே பார்த்தால் வெளிச்சமாகத்தான் இருக்கிறது என்ற பொருளில் பயிற்றுநர் பதில் சொன்னார். அதில் பொய்யும் இல்லை. புயல் மேற்கிலிருந்து வந்துகொண்டிருந்தது, போக வேண்டிய திசையோ கிழக்கு. உள்ளூர் வானொலி நிலையத்தைச் சேர்ந்த ஒருவர் அன்று அங்கேயே தங்கிவிடும்படி அழைத்தபோது, புயல் வந்து சேர்வதற்குள் போய்விடலாம் என்று தந்தை மறுத்துவிட்டார்.

ஆனால் அவர்கள் விமானத்தில் ஏறிய நேரத்தில் மழை ஓடுபாதையின்மீதே பெய்துகொண்டிருந்தது. காற்று ஏறத்தாழ 20 நாட், இடையிடையே 30 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர் வேகம்). பார்வைத்தூரம், கண்ணால் பார்த்துப் பறப்பதற்கான குறைந்தபட்ச அளவாகிய மூன்று மைலுக்கும் கீழே இறங்கியிருந்தது. நிலையம் இப்போது கருவிகளை நம்பிப் பறப்போருக்கு மட்டுமே திறந்திருக்கிறது என்று கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்னதும், பயிற்றுநர் சிறப்பு அனுமதி கேட்டார். அதுவும் கிடைத்தது.

கோபுரம் அனுமதி கொடுத்துவிட்டால் பாதுகாப்பு என்றுதானே பொருள்?

இல்லை. பார்வைத்தூரம் மூன்று மைலுக்குக் குறைந்தாலும் ஒரு மைலாவது இருந்து, மேகத்துக்கு வெளியே இருக்க முடியுமென்றால், விமானி கேட்டுக்கொள்ளும்போது அந்தச் சிறப்பு அனுமதி தரப்படுகிறது. வேறு விமானம் குறுக்கே வராது என்பதற்குத்தான் கோபுரம் பொறுப்பு. காற்று இந்த விமானத்துக்கு ஒத்துவருமா, எடை சரியா, இந்த விமானிக்கு இது கைவருமா என்பவை அதன் கேள்விகள் அல்ல; அவற்றை விமானி தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். பயணிகளாகிய நாம் இதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். சில வேளைகளில் விமானிகளும் மறந்துவிடுகிறார்கள் என்றே தோன்றுகிறது.

அதற்குச் சற்று முன்புதான் அங்கிருந்து கிளம்பிய இரட்டை எஞ்சின் பயணி விமானம் ஒன்றின் விமானி, தரைக்கு அருகே காற்று வேகம் 15 நாட் அளவுக்குத் திடீரென்று கூடிக் குறைவதாகக் கோபுரத்துக்குத் தெரிவித்திருந்தார். செஸ்னாவைவிடப் பலமடங்கு வலிமையுள்ள விமானம் அது.

கிளம்பும்போது தடுமாற்றம் ஏதும் தெரிந்ததா?

சில சிறு விஷயங்கள் பதிவாகியுள்ளன. முன் சக்கரத்துக்கு வைத்த தடுப்புக்கட்டையை எடுக்காமலே எஞ்சினைக் கிளப்பிவிட்டு, பிறகு நிறுத்தி எடுக்க வேண்டியிருந்தது. வானொலி அலைவரிசையைச் சரிசெய்வதிலும் சிக்கல் இருந்தது. சிறப்பு அனுமதி கேட்டபோது அதன் பெயரை முதலில் தவறாகச் சொல்லித் திருத்திக்கொண்டார். இவற்றில் எதுவும் விமானத்தை வீழ்த்தவில்லை. ஆயினும் களைத்த மனிதர் ஒருவர் அவசரத்தில் இருந்தால் அது இப்படித்தான் வெளியே தெரியும்.

மேலெழும்பியபின் என்ன நடந்தது?

வடமேற்கு நோக்கிய 30ஆம் எண் ஓடுபாதையிலிருந்து, அதாவது புயல் வரும் பக்கம் முகம் வைத்தே, விமானம் கிளம்பியது. மூக்கை உயர்த்திக்கொண்டு, இறக்கைகள் இருபுறமும் ஆட, மிக மெதுவாக ஏறியதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். கிழக்கே போவதற்காக வலப்புறம் திரும்பத் தொடங்கியது. பிறகு ஏறக்குறைய செங்குத்தாகத் தரையில் பாய்ந்தது. ஓடத் தொடங்கியதிலிருந்து விழுந்தது வரை எல்லாம் மிகச் சில நிமிடங்களுக்குள் முடிந்துவிட்டது.

எஞ்சின் நின்றுவிட்டதா?

இல்லை. இறக்கையின் தூக்குவிசை போய்விட்டது. விமானிகள் இதை "ஸ்டால்" என்கிறார்கள்; வண்டி "ஆஃப்" ஆகி நின்றுவிடுவதைப் போன்றது என்று எண்ணிக்கொள்வதால் பலருக்குக் குழப்பம் வருகிறது. காற்று இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி வழுக்கிச் செல்லும்வரைதான் தூக்குவிசை கிடைக்கும். மூக்கை மேலும் மேலும் உயர்த்தி, காற்றை இறக்கை சந்திக்கும் கோணம் சுமார் 15 பாகைக்கு மேல் போய்விட்டால், காற்று மேற்பரப்பைவிட்டுப் பிரிந்து கலைந்துவிடும். எஞ்சின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தாலும் இறக்கை விமானத்தைச் சுமக்காது. மீள்வதற்கு வழி எளியது: மூக்கைத் தாழ்த்தி வேகம் எடுக்க வேண்டும். அதற்குச் சில நூறு அடி உயரம் செலவாகும். இரண்டாயிரம் அடியில் இது அன்றாடப் பயிற்சிப் பாடம். மேலெழும்பிய சில நொடிகளில் நேர்ந்தால் செலவழிக்க உயரமே இருக்காது. அதனால்தான் புறப்பட்ட உடனே நிகழும் விபத்துகள் இத்தனை கொடியவையாக இருக்கின்றன.

எடை கூடுதலாக இருந்தது என்கிறார்களே, எவ்வளவு?

அந்த வகை செஸ்னா புறப்படும்போது அதிகபட்சம் 2,500 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1,134 கிலோ எடை இருக்கலாம். அன்று 96 பவுண்டு, சுமார் 44 கிலோ, கூடுதலாக இருந்தது என்று வாரியம் கணக்கிட்டது. விழுந்த நேரத்தில் எரிபொருள் செலவானதுபோக 84 பவுண்டு மிகுதி. கேட்பவர்கள் பலரும் "அவ்வளவுதானா?" என்பார்கள். நூற்றுக்கு நான்குகூட ஆகவில்லை என்பது உண்மைதான். தூக்குவிசை போகும் வேகம் எடை விகிதத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே கூடுவதால், இந்த மிகுதியால் அந்த வேகம் இரண்டு சதவீதம்தான் உயர்ந்திருக்கும். விமானத்தை 25 பாகை சாய்த்துத் திருப்பினால் இன்னும் ஐந்து சதவீதம் கூடும். தனித்தனியே பார்த்தால் எல்லாம் சில்லறை.

அந்தச் சில்லறையெல்லாம் ஒரே திசையில் சேர்ந்துகொண்டே போனதைத்தான் கவனிக்க வேண்டும். இப்படிப்பட்ட விமானம் மேலேறும் வேகத்துக்கும் தூக்குவிசை இழக்கும் வேகத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியே ஏறக்குறைய இருபது நாட்தான். அதில் கொஞ்சத்தை எடை தின்றது, கொஞ்சத்தைத் திருப்பம் தின்றது, நனைந்த இறக்கையின் குறைந்த திறன் இன்னும் கொஞ்சத்தைத் தின்றது. மிஞ்சியதை, 15 நாட் அளவுக்குக் கூடிக் குறையும் காற்று எந்த நொடியிலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலை.

அன்று குளிராகத்தானே இருந்தது? காற்று மெலிந்திருந்தது என்பது எப்படி?

ஷையான் விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 6,150 அடி உயரத்தில் இருக்கிறது. நம் குன்னூர் அளவு உயரம். ஆனால் மலையாக இல்லாமல் பரந்த மேட்டுச் சமவெளியாக இருப்பதால், அங்கே நிற்பவருக்கு உயரத்தில் நிற்கிறோம் என்ற உணர்வே வராது. உயரம் கூடினால் காற்றின் அடர்த்தி குறையும். வெப்பமும் தாழ்ந்த காற்றழுத்தமும் அதை இன்னும் குறைக்கும். இம்மூன்றையும் சேர்த்து, "விமானத்தைப் பொறுத்தவரை இந்தக் காற்று எத்தனை அடி உயரத்துக் காற்றைப் போன்றது?" என்று சொல்லும் அளவுக்கு அடர்த்தி உயரம் என்று பெயர். அன்று காலை வெப்பநிலை ஏறக்குறைய 4 பாகை செல்சியஸ்தான், ஆயினும் அடர்த்தி உயரம் 6,670 அடி.

இதனால் வரும் இழப்புகள் இரண்டு. காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ இல்லாத சாதாரண எஞ்சின், ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் சுமார் மூன்று சதவீதம் வலிமை இழக்கும். அந்தக் கணக்கில் 180 குதிரைத்திறன் கொண்ட செஸ்னாவின் எஞ்சின், அங்கே 145க்குச் சற்று முன்பின்னாகத்தான் கொடுத்திருக்கும். இரண்டாவது, மெலிந்த காற்றில் அதே தூக்குவிசை கிடைக்க விமானம் உண்மையில் இன்னும் வேகமாகப் போக வேண்டியிருப்பதால், ஓடுபாதையில் நீண்ட ஓட்டமும் அதன்பின் சோம்பலான ஏற்றமும் வாய்க்கும். அங்கே தினமும் பறப்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். பயிற்றுநரின் சொந்த ஊர் விமான நிலையமோ கடற்கரையை ஒட்டியது. ஹாஃப் மூன் பேயில் நூறு முறை மேலெழும்பிய கை, மூக்கை எவ்வளவு உயர்த்தினால் விமானம் எப்படி ஏறும் என்பதை ஒரு விதமாக மனப்பாடம் செய்திருக்கும். அந்த மனப்பாடம் ஷையானில் செல்லாது. மெதுவாக ஏறுகிறதே என்று மூக்கை இன்னும் கொஞ்சம் உயர்த்துவது, மனித இயல்புக்கு மிக எளிதாகவும் இறக்கைக்கு மிக ஆபத்தாகவும் இருக்கும் செயல்.

திரும்பும்போது விமானம் விழக் காரணம் என்ன?

காற்றை எதிர்த்துக் கிளம்பி, பின் காற்று முதுகில் படும்படி திரும்பும்போது தரை வேகமாக ஓடுவதுபோலத் தெரியும். வேகம் போதுமான அளவு இருக்கிறது என்று கண் சொல்லும். உண்மையில் காற்றை ஒப்பிட்ட வேகம் குறைந்துகொண்டிருக்கலாம். இதைக் காட்டிக்கொடுப்பது வேகமானிதான். ஆனால் மழை முன் கண்ணாடியை மறைத்து, அடிவானமும் தெரியாமல் போனபோது, பக்கக் கண்ணாடியில் தெரியும் தரையைத் தேடிக் கண்கள் அலைந்திருக்கும். விமானி தன் வேகத்தையும் நிலையையும் தவறாகக் கணித்திருக்கக்கூடிய வழிகளில் இதையும் வாரியம் பேசுகிறது.

விசாரணையின் முடிவு என்ன?

வாரியத்தின் அறிக்கை 1997இல் வெளிவந்தது. அதிக எடையுடன், தமக்குப் பழக்கமில்லாத அடர்த்தி உயரத்தில், மோசமாகிக்கொண்டிருந்த வானிலைக்குள் மேலெழும்ப விமானி எடுத்த தவறான முடிவும், அதனால் வேகத்தைத் தக்கவைக்க இயலாமல் தூக்குவிசை இழந்ததும்தான் காரணம் என்று அது கூறியது. துணைக்காரணமாக அது சேர்த்த வரி விபத்து அறிக்கைகளில் அரிதாகவே காணப்படுவது: தாங்க முடியாத அளவு நெருக்கமாக வகுத்த பயண அட்டவணையைக் காப்பாற்ற வேண்டும் என்ற விருப்பம், அதிலும் ஒரு பகுதி ஊடகங்களுக்குக் கொடுத்திருந்த வாக்குறுதிகளால் வந்த விருப்பம். எந்தச் செய்தியாளரும் மழையில் கிளம்பச் சொல்லவில்லை. லிங்கனில் காத்திருப்பவர்கள் காத்திருக்கிறார்கள் என்ற எண்ணமே போதுமானதாக இருந்தது.

தந்தையைக் குற்றம் சொல்லலாமா?

அன்று அமெரிக்காவில் பலரும் சொன்னார்கள். திட்டத்தையும் அட்டவணையையும் அவர் வகுத்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால் பறப்பதா வேண்டாமா என்று சொல்லும் அதிகாரம் சட்டப்படி பயிற்றுநர் ஒருவரிடம்தான் இருந்தது. பணம் கொடுத்தவர் பின்னிருக்கையில் இருக்கும்போது "இன்று வேண்டாம்" என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பது, வாடகைக் கார் ஓட்டுபவருக்குக்கூடத் தெரியும். அதைச் சொல்லும் திடம் வேண்டும் என்பதற்காகவே அந்த அதிகாரத்தைச் சட்டம் அவரிடம் கொடுத்திருக்கிறது.

விபத்துக்குப்பின் சட்டம் மாறியதா?

மாறியது. 1996 அக்டோபரில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட விமானப் போக்குவரத்துச் சட்டத்தில், குழந்தை விமானிகள் பாதுகாப்புக்கான பகுதி ஒன்று சேர்க்கப்பட்டது. சாதனை, போட்டி அல்லது வான்சாகசம் ஒன்றுக்காக முயல்கிறார் என்று தெரிந்திருந்தும், தனியார் விமானி உரிமமும் மருத்துவச் சான்றும் இல்லாத ஒருவரைக் கட்டுப்பாட்டைத் தொட அனுமதிக்கும் விமானியின் உரிமத்தை இதன்படி ரத்து செய்யலாம். குழந்தைகள் பறக்கக் கற்பதை அது தடுக்கவில்லை. பக்கத்தில் பயிற்றுநர் இருக்க இன்றும் கற்கலாம்.

சட்டம் நல்லதுதான் என்பது என் கருத்து. ஆனால் அது தொட்டது விபத்தின் ஓர் ஓரத்தைத்தான். கூடுதல் எடையோடு கிளம்பக்கூடாது, இடிமழையின் முகத்தில் கிளம்பக்கூடாது என்ற விதிகளும் பாடங்களும் அதற்கு முன்பே இருந்தன. முன்னிருக்கையில் சிறுமிக்குப் பதில் முப்பது வயதுக்காரர் ஒருவர் இருந்து, அதே எடையோடு அதே நேரத்தில் கிளம்பியிருந்தாலும், முடிவு வேறாக இருந்திருக்கும் என்று நம்பக் காரணம் இல்லை.

பயணம் முடிந்திருந்தால் உலக சாதனையாகப் பதிவாகியிருக்குமா?

ஆகியிருக்காது. ஆபத்தான முயற்சிகளுக்குத் தூண்டுதலாகிவிடும் என்று அஞ்சி, "மிக இளைய விமானி" என்ற பிரிவையே கின்னஸ் சாதனைப் புத்தகம் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே கைவிட்டிருந்தது.